எந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும் என்று கேட்பவர்களுக்கு

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உயிரியல் ஆய்வக வகுப்பு எடுக்கிறேன் என்று தெரிந்ததும் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "பள்ளிப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கல்லூரியில் உயிரியல்தான் எடுப்பேன் என்கிறாள். இப்போதிருந்தே எந்தப் புத்தகத்தைப் படிக்கட்டும்?" கேள்வியில் அக்கறை இருக்கிறது. அதற்கு அடியில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. கல்லூரிப் பாடம் என்பது பள்ளிப் பாடத்தின் தடித்த பதிப்பு, அதை முந்திக்கொண்டு புரட்டத் தொடங்கிவிட்டால் பிள்ளை தடுமாற மாட்டாள் என்ற நம்பிக்கை. வெகுகாலமாக நான் சொல்லிவந்த பதில், "வேதியியலை ஒழுங்காகப் படிக்கச் சொல்லுங்கள்" என்பது. கேட்டவர்களில் சிலருக்கு முகம் வாடிவிடும். உயிரியலைப் பற்றிக் கேட்டால் வேறெதையோ சொல்கிறாளே என்று நினைத்திருப்பார்கள்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கல்லூரி உயிரியலின் தொடக்க வாரங்களில் பூவும் இல்லை, பூச்சியும் இல்லை. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் ஏன் சற்று நேர்மின்னாகவும் மறுபக்கம் சற்று எதிர்மின்னாகவும் இருக்கிறது, கொழுப்பு ஏன் நீரை விட்டு ஒதுங்குகிறது, நீளமான புரதச் சங்கிலி ஏன் தானாகவே ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிகிறது என்றுதான் பாடம் தொடங்குகிறது. இதில் தடுக்கி விழுகிறவர்கள் செல் சவ்வில் மறுபடி விழுகிறார்கள். அங்கிருந்து சுவாசம், ஒளிச்சேர்க்கை என்று வரிசையாக விழுந்துகொண்டே போகிறார்கள். வருடந்தோறும் இதைப் பார்க்கிறவள் வேதியியலைத்தான் சொல்வாள்.

பிறகு ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். 2007-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. எழுதியவர்கள் பிலிப் சாட்லர், ராபர்ட் டாய். அமெரிக்கக் கல்லூரிகளில் உயிரியல், வேதியியல், இயற்பியல் அறிமுகப் பாடங்களை எடுத்த மாணவர்கள் பள்ளியில் எதை எவ்வளவு படித்திருந்தார்கள், கல்லூரியில் எப்படி மதிப்பெண் வாங்கினார்கள் என்று ஒப்பிட்டார்கள். பள்ளியில் உயிரியல் படித்தது கல்லூரி உயிரியலுக்கு உதவியிருக்கிறது. பள்ளி வேதியியல் கல்லூரி வேதியியலுக்கு உதவியிருக்கிறது. ஆனால் பள்ளியில் வேதியியலைக் கூடுதலாகப் படித்ததால் கல்லூரி உயிரியலில் மதிப்பெண் உயர்ந்ததாகத் தெரியவில்லை. துறை எல்லையைத் தாண்டி மூன்று பாடங்களுக்கும் கைகொடுத்தது கணிதம் மட்டும்தான். இதைப் படித்த நாளிலிருந்து என் மனத்தில் ஒரு முள் தைத்துக்கொண்டது. வகுப்பில் என் கண்ணெதிரே வேதியியல் தெரியாமல் தவிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். ஆய்வோ வேதியியல் வகுப்பு உதவவில்லை என்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

கல்லூரி என்ன கேட்கிறது

விடை தேடுவதற்கு முன்னால், கல்லூரி உயிரியல் உண்மையில் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். பாடத்தின் பருமன் கூடுவது உண்மை. பள்ளியில் ஒரு வருடம் நிதானமாக நடத்தியது கல்லூரியில் சில வாரங்களில் ஓடிவிடும். ஆனால் மாணவர்களை நிலைகுலைய வைப்பது பருமன் அல்ல. கேள்வியின் வகையே மாறிவிடுகிறது. பள்ளித் தேர்வில் "சவ்வூடு பரவல் என்றால் என்ன?" என்று கேட்பார்கள். கல்லூரித் தேர்வில், "சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் வெடித்துவிடுகிறது, இலையின் செல் வெடிப்பதில்லை. அந்த இலைச் செல்லின் சுவரை நொதி கொண்டு கரைத்துவிட்டு, பிறகு தூய நீரில் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறோம். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகர்வது என்ற வரையறை தெரிந்தால் மட்டும் இதற்கு விடை எழுத முடியாது. நீர் எந்தப் பக்கம் போகும், உள்ளே எவ்வளவு அழுத்தம் சேரும், அந்த அழுத்தத்தை இதுவரை தாங்கிப் பிடித்தது எது, அது போய்விட்டால் என்ன நடக்கும் என்று ஒரு கதையாக மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னோர் எடுத்துக்காட்டு. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் என்று எழுதாத மாணவரே இல்லை. அந்த வரி விடைத்தாளில் வரும்போதெல்லாம் எனக்கு ஆயாசமாக இருக்கும், ஏனென்றால் அதற்கு அப்புறம் பெரும்பாலும் எதுவும் இருக்காது. நாங்கள் கேட்பது இது: மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் புரோட்டான்கள் தாராளமாகக் கசியும்படி ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால், ஆக்சிஜன் செலவு என்ன ஆகும், செல் தன் வேலைகளுக்குச் செலவிடுகிற ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யின் உற்பத்தி என்ன ஆகும்? சவ்வின் இரு பக்கமும் உள்ள புரோட்டான் வேறுபாடுதான் ஏ.டி.பி. தயாரிப்பை இயக்குகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-இல் சொன்னார். அன்று பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைப் புரிந்துகொண்ட மாணவர், ஆக்சிஜன் செலவு குறையாது, இன்னும் கூடலாம், ஏ.டி.பி. மட்டும் குறையும், ஆற்றல் வெப்பமாக வெளியேறும் என்று தானே சொல்லிவிடுவார். அதற்கு அவர் எங்கும் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆய்வக மேசையில் கண்டது

சவ்வூடு பரவலுக்கு முதலாண்டு ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்கிற சோதனை உருளைக்கிழங்குச் சோதனை. துளைப்பானால் கிழங்கை ஒரே தடிமனுள்ள உருளைகளாக வெட்டி, எடை பார்த்து, சர்க்கரைக் கரைசல்களில் போடுவோம். ஒரு குவளையில் தூய நீர், அடுத்தடுத்த குவளைகளில் 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவை அளக்கும் அலகு). நேரம் கழித்து எடுத்துத் துடைத்து மறுபடி எடை போட்டால், நீரில் கிடந்தவை கனத்திருக்கும், அடர்ந்த கரைசலில் கிடந்தவை இளைத்துத் துவண்டிருக்கும். விரலில் வைத்து வளைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு மேசையில் இரண்டு பேர். ஒருவன் பள்ளியில் உயிரியலில் முதலிடம் பெற்றவன். எந்தச் சொல்லைக் கேட்டாலும் வரையறை நுனிநாக்கில் நிற்கும். கடுமையாக உழைக்கிறவன், அவனைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மற்றவள் சுமாரான மதிப்பெண்ணோடு வந்தவள், வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். துண்டுகளை வெளியே எடுத்ததும் அவன் எடையைக் குறிக்க ஆரம்பித்தான். அவள் அவன் கையைத் தடுத்து, "எல்லாவற்றையும் ஒரே மாதிரித் துடைத்தோமா? ஒன்றை அழுத்தித் துடைத்து, இன்னொன்றை லேசாக ஒற்றி எடுத்தால் எடை அதிலேயே மாறிவிடும்" என்றாள். பிறகு அவன் எடை வித்தியாசத்தைக் கிராமில் எழுதியிருந்ததைப் பார்த்து, "இதைச் சதவீதமாக மாற்ற வேண்டும்" என்றாள். "எதற்கு? கிராமிலேயே குறைந்தது தெரிகிறதே" என்று அவன் கேட்டான். அவள் இரண்டு துண்டுகளைக் காட்டினாள். ஒன்றின் தொடக்க எடை 4.2 கிராம், மற்றதன் எடை 2.8 கிராம். இரண்டுமே 0.4 கிராம் இழந்திருந்தன. முதலாவது ஏறத்தாழ 9.5 சதவீதம் இழந்திருக்கிறது, இரண்டாவது 14 சதவீதத்துக்கும் மேல். கிராமில் பார்த்தால் சமம், கிழங்கின் கணக்கில் சமம் அல்ல.

வரைபடம் போட்டார்கள். கோடு மேலிருந்து கீழே இறங்கி, 0.3 மோலாரை ஒட்டிப் பூஜ்ஜியத்தைக் கடந்தது. அவன் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இந்த இடத்தில் நீர் நகர்வது நின்றுவிட்டது, சரிதானே?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அவள், "நிற்காது என்று நினைக்கிறேன். உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே அளவாகியிருக்கும். அதனால் எடை மாறவில்லை" என்றாள். சொல்லிவிட்டு வரைபடத்தின் வலது கோடியை, 1.0 மோலாரில் கிழங்கு இளைத்துப்போன புள்ளியை, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அப்படியென்றால் என் ஈஸ்ட்டுக்கும் இதுதான் ஆகியிருக்கிறது" என்றாள்.

என்ன ஈஸ்ட் என்று கேட்டேன். பள்ளியில் அவர்களுடைய ஆசிரியர் மற்ற பாடங்களை வேகமாக முடித்துவிட்டு, ஒரு மாதம் முழுவதும் ஈஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தியிருக்கிறார். ஈஸ்ட்டையும் சர்க்கரை நீரையும் குழாயில் விட்டு, வெளிவரும் கரியமில வாயு எவ்வளவு நீரைத் தள்ளுகிறது என்று அளப்பது. அவ்வளவுதான் சோதனை. முதலில் வெப்பநிலையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு சர்க்கரையின் அளவை. சர்க்கரை கூடக் கூட வாயுவும் வேகமாக வந்திருக்கிறது. ஓர் அளவுக்கு மேல் வேகம் கூடவில்லை. அதுவரை ஆசிரியர் விளக்கிவிட்டார், நொதிகள் எல்லாம் வேலையில் இருக்கும்போது இன்னும் சர்க்கரை கொட்டிப் பயனில்லை என்று. ஆனால் எல்லாவற்றிலும் அடர்த்தியான கரைசல் இருந்த குழாயில் வாயு முன்னைவிடக் குறைந்துவிட்டது. உணவு மிக அதிகமாக இருக்கும் இடத்தில் ஈஸ்ட் ஏன் சோர்ந்துபோக வேண்டும்? ஆசிரியர் அதற்கு விடை சொல்லாமல், குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு கல்லூரிக்கு வந்தவள், ஒரு கிழங்குத் துண்டின் எடையில் விடையைக் கண்டுபிடித்தாள். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட் செல்லிலிருந்து நீரை வெளியே இழுத்துவிடுகிறது. நீர் குறைந்த செல்லில் எந்த வேலையும் பழைய வேகத்தில் நடக்காது.

அன்று வகுப்பு முடிந்து மேசைகளைத் துடைக்கும்போது எனக்குள் ஒன்று தெளிந்தது. அந்த மாணவன் எல்லாவற்றையும் படித்திருந்தான். அந்த மாணவி ஒன்றை அடிவரை போய்ப் பார்த்திருந்தாள்.

ஒரு மாதம், ஒரே கேள்வி

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் அல்ல. சாட்லரும் டாயும் இன்னும் இருவரோடு சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு நேராக இதையே தொடுகிறது. பள்ளியில் ஏதாவது ஒரு முக்கியத் தலைப்பில் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆழமாகத் தங்கியதாகச் சொன்ன மாணவர்கள், அப்படி எதிலும் தங்காதவர்களைவிடக் கல்லூரி அறிவியல் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். முக்கியத் தலைப்புகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் தொட்டுச் சென்ற வகுப்புகளிலிருந்து வந்தவர்களுக்கு வேதியியலிலும் இயற்பியலிலும் அதனால் ஒரு பயனும் தெரியவில்லை. உயிரியலில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல முறை திரும்பப் படித்திருக்கிறேன். தேர்வுக்கு எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிற ஒவ்வொரு பள்ளியும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இத்தகைய ஆய்வுகள் ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நிரூபித்துவிடுவதில்லை. ஒரு தலைப்பில் ஒரு மாதம் தங்கத் துணிகிற ஆசிரியர் வேறு பல விதங்களிலும் நல்ல ஆசிரியராக இருக்கலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கும்போது, அந்த ஈஸ்ட் குழாய்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு மாதம் ஒரே பொருளோடு இருப்பவருக்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது விதியாக அல்ல, தேவையாகத் தெரிகிறது. வெப்பநிலையையும் சர்க்கரையையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, எதனால் வாயு கூடியது என்று தெரியாமல் விழித்தால்தான் அது உறைக்கும். கொதிக்க வைத்துக் கொன்ற ஈஸ்ட்டை ஒரு குழாயில் தனியாக வைப்பது எதற்கு என்றும் தெரிகிறது: வாயு வருவது உயிருள்ள ஈஸ்ட்டினால்தான், சர்க்கரை நீர் சும்மா சூடாவதால் அல்ல என்று காட்ட வேறு வழியில்லை. வேகம் வேறு, மொத்த அளவு வேறு என்பதும் அப்படித்தான் புரிகிறது. மெதுவாகத் தொடங்கிய குழாய் மறுநாள் காலையில் வேகமாகத் தொடங்கிய குழாயை எட்டிப் பிடித்திருப்பதைக் கண்ணால் கண்டவர் இந்த இரண்டையும் பிறகு குழப்பிக்கொள்வதில்லை.

வேதியியல் வகுப்பு ஏன் உதவவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அது வேதியியல் தேர்வுக்காகப் படித்த வேதியியல். மோலார் செறிவைக் கணக்கிடத் தெரிந்த மாணவர்கள் உருளைக்கிழங்குச் சோதனையில் அதே சொல்லைக் கண்டதும் புதிதாகப் பார்ப்பது போல விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவர்களும் சேர்த்துப் பார்க்க வாய்ப்பில்லை. ஆகவே என் பழைய பதிலை நான் கைவிடவில்லை. அதன் உருவத்தை மாற்றிக்கொண்டேன். வேதியியலைக் கூடுதலாகப் படிப்பதைவிட, படித்த கொஞ்சத்தை உயிரியலுக்குள் கொண்டுவந்து பயன்படுத்திப் பார்ப்பது முக்கியம்.

வேதியியலிலிருந்தும் கணிதத்திலிருந்தும் எடுத்துவர வேண்டியவை

நீரின் மின்முனைத் தன்மை, ஹைட்ரஜன் பிணைப்பு, அமிலமும் காரமும், செறிவு, பிணைப்பும் ஆற்றலும். வேதியியலிலிருந்து முதலாண்டுக்கு அவசியமானவை பெரும்பாலும் இவற்றுக்குள் அடங்கிவிடும். இவற்றில் கடைசியில் சொன்னதுதான் அதிகத் தொல்லை தருகிறது. ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது என்று பள்ளியில் எழுதிப் பழகியிருப்பார்கள். அதே மாணவர்கள் வேதியியல் வகுப்பில், எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றலைச் செலவிட வேண்டும் என்று படித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாக யாருக்கும் தோன்றியிருக்காது. ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு நோட்டுகளில் இருக்கின்றன. உண்மையில் ஏ.டி.பி. நீரோடு வினைபுரியும்போது பழைய பிணைப்புகள் உடையவும் ஆற்றல் வேண்டும். புதிதாக உருவாகும் பொருள்கள் அதிக நிலைத்தன்மை கொண்டவையாக இருப்பதால், கணக்கைக் கூட்டிக் கழித்தால் ஆற்றல் மிஞ்சுகிறது. பள்ளியிலேயே இந்த முரண்பாட்டைக் கவனித்து ஆசிரியரிடம் கேட்கிற மாணவி கல்லூரிக்குத் தயாராகிவிட்டாள் என்பேன்.

கொஞ்சம் வேதியியல் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு ஹெர்ஷி, சேஸ் சோதனையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மரபுச் செய்தியைச் சுமப்பது புரதமா, டி.என்.ஏ.வா என்பது அன்றைய கேள்வி. ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் 1952-இல் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் கதிரியக்கக் கந்தகத்தையும் சிலவற்றில் கதிரியக்கப் பாஸ்பரஸையும் ஏற்றினார்கள். ஏன் அந்த இரண்டு தனிமங்கள்? டி.என்.ஏ.வில் பாஸ்பரஸ் இருக்கிறது, கந்தகம் இல்லை. அந்த வைரஸின் புரதத்தில் கந்தகம் இருக்கிறது, பாஸ்பரஸ் இல்லையென்றே சொல்லலாம். அவ்வளவுதான். வைரஸ் ஒட்டிய பிறகு கலவையை மிக்ஸியில் சுழற்றி, வெளியே ஒட்டியிருந்த கூடுகளைப் பிரித்து, பாக்டீரியாக்களை அடியில் படிய வைத்துப் பார்த்தபோது, பாஸ்பரஸின் பெரும்பகுதி பாக்டீரியாவோடும் கந்தகத்தின் பெரும்பகுதி வெளியிலும் இருந்தன. உள்ளே போனது டி.என்.ஏ. இந்தச் சோதனையின் முடிவைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, "கார்பனைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். புரதத்திலும் கார்பன், டி.என்.ஏ.விலும் கார்பன். எது உள்ளே போனது என்று தெரிந்திருக்கவே முடியாது.

கணிதத்தைப் பற்றிச் சொல்லும்போது பலரும் நுண்கணிதத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். முதலாண்டு உயிரியலுக்கு அன்றாடம் வேண்டியது விகிதம், சதவீதம், அலகு மாற்றம், அடுக்கு, மடக்கை, நிகழ்தகவு ஆகியவைதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிற பாக்டீரியா ஒன்று பத்து மணி நேரத்தில், இடம்கொடுத்தால், நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். சாதாரண வரைபடத்தில் இதைப் போட்டால் முதல் பாதி முழுவதும் தரையோடு தரையாகக் கிடக்கும்; மடக்கை அளவில் போட்டால் நேர்கோடாக எழும்பும். எந்தக் கேள்விக்கு எந்த வரைபடம் என்று தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நிகழ்தகவுக்கு மெண்டலின் பட்டாணியே போதும். விதையின் வடிவத்துக்கு அவர் எண்ணியவை 5474 உருண்டை, 1850 சுருக்கம். விகிதம் 2.96-க்கு 1. பள்ளியில் இதை 3-க்கு 1 என்று எழுதி மேலே போய்விடுகிறோம். நின்று பாருங்கள். மொத்தம் 7324 விதைகள். சரியாக 3-க்கு 1 என்றால் 5493-உம் 1831-உம் வந்திருக்க வேண்டும். 19 விதைகள் இடம் மாறியிருக்கின்றன. அந்த 19 பெரியதா, சிறியதா? எட்டே விதைகளை எண்ணி ஐந்து உருண்டையும் மூன்று சுருக்கமும் கிடைத்தால், 3-க்கு 1 என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிடலாமா? இந்த இரண்டு கேள்விகளையும் சூத்திரம் எதுவும் இல்லாமல், நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாவது யோசித்த மாணவருக்கு, எண்ணிக்கை எதிர்பார்ப்பிலிருந்து விலகியது தற்செயலாக இருக்குமா என்று கணக்கிடும் கை-வர்க்கச் சோதனை கல்லூரியில் வரும்போது அது எதற்காக வந்திருக்கிறது என்பது தெரிந்திருக்கும். வெறும் சூத்திரமாக அதைச் சந்திக்கிறவர்களுக்கு அட்டவணையில் எண்ணைத் தேடுவதோடு வேலை நின்றுவிடுகிறது.

மனப்பாடம் எதிரி அல்ல

இவ்வளவையும் படித்துவிட்டு, மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரியலில் சொற்கள் ஏராளம். அவை நினைவில் இல்லாமல் எதையும் யோசிக்க முடியாது. சவ்வின் பகுதிகளுக்குப் பெயர் தெரியாதவர் அதன் வழியே எது நுழையும் என்று விவாதிக்க இயலாது. ஆனால் நினைவில் நிறுத்தும் வழி ஒன்று இருக்கிறது, பள்ளியிலேயே அதைப் பழகிக்கொள்ளலாம். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மஞ்சள் மையால் வரிவரியாகக் கோடு போட்டுத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் அது. புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் ஒரு செல்லை வரையுங்கள். குளுக்கோஸ் உள்ளே நுழைவதிலிருந்து கரியமில வாயு வெளியேறுவது வரை ஒவ்வொரு கார்பனும் எங்கே போகிறது என்று அம்பு போட்டுக்கொண்டே வாருங்கள். அம்பு எங்கே நின்றுவிடுகிறதோ, அங்கே புத்தகத்தைத் திறங்கள்.

பள்ளி நேரம் தராவிட்டால்

என் பேச்சைக் கேட்கிற பள்ளி ஆசிரியர்கள் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஒரு தலைப்பில் ஒரு மாதம் உட்கார்ந்தால் மீதிப் பாடத்தை யார் முடிப்பது? தேர்வில் எல்லாவற்றிலிருந்தும் கேள்வி வருமே?" அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. இரண்டு வருடம் முழுவதையும் அப்படி நடத்தச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றில், ஒரே ஒரு முறை. அதுவும் முடியாத பள்ளியில் படிக்கிறவர்கள் விடுமுறையில் தாங்களாகவே செய்யலாம். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, மதிப்பெண்ணும் கிடைக்காது. ஆனால் கல்லூரியின் முதல் ஆய்வக வகுப்பில் அது தெரியும்.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 'தாவரங்கள் எப்படி வளர்கின்றன' என்பது ஒரு மாதத்துக்கு ஆகாது. இலையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் இலைத்துளைகள் அதிகமா என்பது ஆகும். நிறமற்ற நகப்பூச்சை இலையில் தடவி, காய்ந்ததும் ஒட்டுத்தாளால் உரித்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்தால் துளைகளின் அச்சு தெளிவாகத் தெரியும், எண்ணலாம். எண்ணத் தொடங்கியதும் அடுத்த கேள்விகள் தாமாக வரும்: எந்த இடத்தில் எண்ணுவது, நரம்பின் ஓரத்திலா, நடுவிலா? ஒரே செடியின் வெயில் பட்ட இலையிலும் நிழல் இலையிலும் ஒரே எண்ணிக்கையா? நீரில் மிதக்கும் இலைக்கு எந்தப் பக்கம் துளை இருக்கும்? நுண்ணோக்கி இல்லாதவர்கள் விதைகளை எடுத்துக்கொள்ளலாம். வெப்பநிலை மாறினால் முளைக்கும் விதைகளின் எண்ணிக்கை மாறுகிறதா, முளைக்க எடுக்கும் நேரம் மட்டும் மாறுகிறதா என்று பாருங்கள். தராசுகூட வேண்டாம்.

குறிப்பேடு மட்டும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு நாளும் என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்பதைத் தொடங்குவதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். நடந்ததைப் பார்த்த பிறகு, இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று நம்பிவிடுவது மிகச் சுலபம். எண்கள் எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாத நாளில் அவற்றை அடித்துவிட்டு நல்ல எண்ணுக்காக மறுபடி செய்யாதீர்கள். அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தேதியைக் குறித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்து, அந்தக் குறிப்பேட்டைக் கல்லூரிக்கு எடுத்து வாருங்கள்.